பதினெட்டு வயதுக்குப் பின் என்ன வேலை?

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவியருக்குப் பதினெட்டு வயது என்றால் மகிழ்ச்சி. கல்லூரியா, செவிலியர் பயிற்சியா, ஆசிரியர் பயிற்சியா என்று வீட்டில் பேச்சு நடக்கும். வாக்குரிமையும் அந்த வயதில்தான் வருகிறது. ஆனால் அதே வயதில் பள்ளியின் கதவு சாத்தப்பட்டு, அடுத்த கதவு எதுவும் திறவாமல் நிற்கின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அறிவு வளர்ச்சியில் குறை நேர்ந்த பிள்ளைகளைத்தான் சொல்லுகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்கியுள்ளது. பத்தொன்பதாம் வயதில் என்ன? பெரும்பாலும் வீட்டுத் திண்ணைதான். பெண்பிள்ளையாயின் திண்ணைகூட இல்லை, உள் அறை.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் அறிவு வளர்ச்சி குன்றியோர் எனப் பதிவானவர்கள் சுமார் 15 லட்சம் பேர். இவர்கள் வளர்ந்த பின் செய்யத்தக்க வேலை உண்டா, உண்டெனில் யார் கற்றுக்கொடுப்பது, நம் கந்தர்வக்கோட்டை போன்ற ஊரில் அது நடக்கக்கூடியதா என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ளுதல் நலம். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. மனநோய் எவருக்கும் எந்த வயதிலும் வரலாம். மருந்தினால் தணியவும் கூடும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ தொடங்குவது, அது நோயன்று. கற்கும் வேகம் குறைவாக இருக்கும். கணக்கு, காசு, நேரம், பேச்சு இவற்றில் தடை இருக்கும். முன்னாளில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்று அழைத்தார்கள். இப்போது ‘அறிவுசார் குறைபாடு உடையோர்’ என்பது வழக்கு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவையும் இதனோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ளவர் எல்லோருக்கும் அறிவில் குறை இருப்பதில்லை. கையும் நாவும் ஒத்துழைக்காத ஒரே காரணத்தால் நல்ல அறிவாளிகளையும் ஒன்றும் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். தெருவில் இவர்களைக் கூப்பிடும் பெயர்களை இங்கே எழுத வேண்டியதில்லை. நம் காதில் விழுந்தவைதாம்.

இவ்வகையில் பலர் அறிந்தது டவுன் நோய்க்குறி. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. இவர்களுக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்து 47 ஆகிறது. 1959-ஆம் ஆண்டு பாரிசில் இது வெளியிடப்பட்டபோது புகழ் ஜெரோம் லெஜூன் என்ற மருத்துவரைச் சேர்ந்தது. உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை அங்கே கொண்டுவந்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அவருடைய பங்கு வெகு காலத்திற்குப் பின்னரே உலகுக்குத் தெரிய வந்தது. அறிவியல் பாடம் படிக்கும் மாணவியர் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். ‘இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?’ என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை தேடத் தொடங்கினார்கள். பிரான்சு நாட்டில் இதார் என்ற மருத்துவரும், அவருக்குப் பின் செகேன் என்பவரும் கண், காது, கை ஆகிய புலன்களின் வழியே இவர்களுக்குக் கற்பிக்கலாம் என்று காட்டினர். அவர்களுடைய நூல்களைப் படித்துவிட்டு 1900-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளியில் பணியாற்றியவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார். மழலையர் வகுப்பில் நாம் காணும் மர உருளைகளும், வண்ணப் பலகைகளும், சொரசொரப்பான எழுத்து அட்டைகளும் முதலில் இக்குழந்தைகளுக்காகச் செய்த முயற்சிகளிலிருந்து பிறந்தவை. அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆகவே இம்முறை நமக்குப் புதிதன்று. சிறு பிள்ளைகளோடு நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

வளர்ந்தவர்களுக்கும் அது செல்லும் என்று மெய்ப்பித்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த மார்க் கோல்டு. 1972-இல் அவர் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. அறிவு வளர்ச்சி மிகவும் குன்றியவர்கள் எனக் கருதப்பட்ட 64 பேரை எடுத்துக்கொண்டு, 15 உறுப்புகள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். நம்மில் எத்தனை பேரால் அதைப் பிரித்து மீண்டும் பூட்ட முடியும்? கோல்டு நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பையும் எடுக்கும் வரிசையிலேயே தட்டுகளில் வைத்தார். உறுப்பின் எந்தப் பக்கம் தம்மை நோக்கி இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் சிவப்பு வண்ணம் பூசினார். அவர்கள் கற்றுக்கொண்டனர். பிறகு 24 உறுப்புகள் கொண்ட வேறொரு பிரேக்கையும் பூட்டினர். ஒருவர் கற்கவில்லை என்றால் கற்பிக்கும் வழியை மாற்ற வேண்டும் என்பதே கோல்டின் கொள்கை. நமக்கு இது எளிய உண்மையாகத் தோன்றினும், வகுப்பறையில் எத்தனை முறை மறந்துவிடுகிறோம்!

இதை நம் ஊர் வேலை ஒன்றில் பொருத்திப் பார்ப்போம். கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் செல்லும்போது ஆதனக்கோட்டை வருகிறது. சாலையோரத்தில் பெண்கள் முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பைப் பொட்டலம் கட்டி விற்பதைப் பார்க்கிறோம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தபோதிலும் முந்திரி இன்னும் நம் வட்டாரத்தின் தொழிலே.

கொட்டையை வறுப்பதும் உடைப்பதும் இவர்களுக்கு ஏற்ற வேலையல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். வறுக்கும் சட்டியில் அது தீப்பிடித்துத் தெறிக்கும். பழகியவர்களின் விரல்களே கறுத்துக் கிடக்கின்றன. ஆனால் அதற்குப் பிறகு உள்ள வேலைகள் வேறு. உலர்ந்த பருப்பின் மேல் உள்ள மெல்லிய தோலை உரிப்பது, முழுப்பருப்பு, பாதிப்பருப்பு, குருணை என்று பிரிப்பது, எடை போடுவது, பையில் இட்டு ஒட்டுவது ஆகியவற்றில் ஆபத்து இல்லை, பொறுமைதான் வேண்டும்.

இருபது வயதுப் பெண் ஒருத்திக்குப் பிரிக்கும் வேலையைக் கற்றுக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ‘முழுசைத் தனியா வை, உடைஞ்சதைத் தனியா வை’ என்று வாயால் சொன்னால் அவளுக்கு எட்டாமல் போகலாம். மூன்று கிண்ணங்களை வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் மாதிரிக்கு ஒரு பருப்பை அட்டையில் ஒட்டிவைக்க வேண்டும். முதல் வாரம் முழுப்பருப்பும் குருணையும் மட்டும் கொடுக்கலாம். இவ்விரண்டிற்கும் வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அது கைவந்தபின் பாதிப்பருப்பைச் சேர்க்கலாம். எடை போடுவதற்கு எண் தெரிய வேண்டும் என்பது கட்டாயமில்லை. பழைய தட்டுத் தராசில் ஒரு தட்டில் கால் கிலோ படிக்கல்லை வைத்துவிட்டால், இரு தட்டும் சமமாக நிற்கும் வரை பருப்பைப் போட்டால் போதும். மின்தராசாயின் அதில் தோன்ற வேண்டிய எண்ணைப் பெரிதாக எழுதிப் பக்கத்தில் வைத்து, ‘இரண்டும் ஒன்று போல் இருக்கிறதா பார்’ என்று பழக்கலாம். எண்ணை வாசிக்கத் தெரியாதவரும் உருவத்தை ஒப்பிட முடியும். பூக்கட்டுதல், நிலக்கடலை உரித்துத் தரம் பிரித்தல், மாட்டுத் தொழுவத்தைப் பராமரித்தல் என நம் பக்கத்து வேலைகள் எதையும் இவ்வாறே படிகளாகப் பிரித்துவிடலாம்.

ஆனால் பல தொழிற்பயிற்சி நிலையங்களில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? மெழுகுவர்த்தி, காகிதக் கவர், வாழ்த்து அட்டை. இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கை பழகுவதற்கு அவை உதவும். ஆயினும் நம் ஊர்ச் சந்தையில் வாழ்த்து அட்டை வாங்குவோர் எத்தனை பேர்? ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சியில் இரக்கப்பட்டு வாங்கும் பொருளை நம்பி ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க இயலாது. ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறதோ அதைக் கற்பிப்பதே சரி என்பது நம் கருத்து.

இவர்களுக்கு வேலை அளிக்கும் முறைகள் உலகெங்கும் இரண்டு வழிகளில் வளர்ந்துள்ளன. முதலாவது, இவர்களுக்கென்றே தனிப் பட்டறை அமைத்தல். பாதுகாப்பு உண்டு, துணை உண்டு. ஆனால் வெளியுலகம் இல்லை. கூலியும் மிகக் குறைவு. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டமே குறைபாடு உடையோர்க்குக் குறைந்தபட்ச ஊதியத்தினும் கீழே கொடுக்க இடம் தந்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இத்தகையோரை விலக்கிவைக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. ‘பாவம், ஏதோ பொழுது போகிறது’ என்ற எண்ணத்தில் கூலியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. எட்டு மணி நேரம் பருப்பு உரித்தவருக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புவது தருமமாகாது.

இரண்டாவது வழியை ஆதரவுடன் கூடிய வேலை எனலாம். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் இதற்கு அரசு நிதி கிடைக்கத் தொடங்கியது. இங்கே பட்டறை என்பதே கிடையாது. பயிற்சியாளர் ஒருவர் முதலில் கடைக்கோ தொழிற்கூடத்திற்கோ தாமே சென்று அந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார். பிறகு குறைபாடு உடையவரை அங்கேயே வேலையில் அமர்த்தி, உடனிருந்து கற்பிக்கிறார். முதல் மாதம் நாள் முழுவதும் இருப்பார். அடுத்த மாதம் அரை நாள். பின்னர் வாரம் ஒருமுறை. அவர் விலகும்போது பக்கத்தில் வேலை செய்யும் ஒருவர் அந்த இடத்தை இயல்பாக எடுத்துக்கொள்வார். ‘பயிற்சி முடியட்டும், பிறகு வேலை தேடலாம்’ என்று காத்திருந்தால் பயிற்சி முடிவதே இல்லை. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது இவர்களுக்குக் கடினம் ஆதலால், வேலை செய்யும் இடத்திலேயே கற்பதுதான் நிலைக்கிறது.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. 1984-இல் செகந்திராபாத்தில் இவர்களுக்கான தேசிய நிறுவனம் ஏற்பட்டது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. 2017-இல் அலினா ஆலம் என்ற இளம்பெண் கருநாடகத்து ஹூப்ளியில் ‘மிட்டி கஃபே’ என்ற சிற்றுண்டிச் சாலையைத் தொடங்கினார். அங்கே தேநீர் போடுவோரும் பரிமாறுவோரும் மாற்றுத்திறனாளிகள். 2023 நவம்பரில் அதன் கிளை ஒன்று தில்லி உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது. ஆட்டிசம் உடையவர்கள் சிறு பிழையையும் கண்டுபிடிக்கும் கூர்மை பெற்றிருத்தலைக் கண்டு, டென்மார்க் நாட்டில் தொர்கில் சோன் என்னும் தந்தை 2004-இல் ஒரு கணினி நிறுவனமே தொடங்கினார். எஸ்.ஏ.பி. என்ற செருமானிய நிறுவனமும் பெங்களூரில் அத்தகையோரை வேலைக்கு எடுத்தது.

இவை நகரத்துக் கதைகள். நமக்குப் பொருந்துவது விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் பக்கம் உள்ள சிருஷ்டி கிராமம். 2013-இல் கார்த்திகேயன் என்பவர் இதைத் தொடங்கினார். அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்களும் மற்றவர்களும் ஒன்றாக வாழ்ந்து பயிர் செய்யும் குடியிருப்பு இது. காய்கறித் தோட்டம், மாடு, கோழி என்று நாம் அறிந்த வேலைகளே அங்கு நடைபெறுகின்றன. வேளாண்மையில் ஒரு வசதி உண்டு. அதில் எல்லாத் திறனுக்கும் இடம் இருக்கிறது. ஒருவருக்குப் பாத்தி கட்டத் தெரியும். மற்றவருக்குத் தண்ணீர் விட மட்டும் தெரியும். இன்னொருவர் முட்டை பொறுக்கிக் கூடையில் வைப்பார். மாடு எவரிடமும் ‘சீக்கிரம்’ என்று சலித்துக்கொள்வதில்லை. நேரமும் எண்ணும் குழப்பமாக இருப்பவர்க்கும் பொழுது விடிந்தால் தீவனம், சாய்ந்தால் தொழுவம் என்ற ஒழுங்கு எளிதில் மனத்தில் பதிகிறது. நம் வட்டாரத்தில் மானாவாரி நிலமும் ஆடுமாடும் உள்ள குடும்பங்களுக்கு இம்முறையில் புதிதாகக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

அரசு வேலையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 3 விழுக்காடு இருந்தும், அது பார்வை, செவி, கைகால் குறைபாடு உடையோர்க்கே உரியதாக இருந்தது. புதிய சட்டத்தில்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், இவற்றுடன் பலவகைக் குறைபாடு ஆகிய அனைத்திற்கும் சேர்த்து 1 விழுக்காடு கிடைத்தது. ஒரு விழுக்காட்டை இத்தனை பேர் பங்கிடும்போது, எழுத்துத் தேர்வு எழுத இயலாத ஒருவருக்கு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே உள்ளூர் வேலைதான் நம்பிக்கை.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2012-ஆம் ஆண்டு தமிழக அரசு நல்ல ஏற்பாடு ஒன்றைச் செய்தது. மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் வேலை செய்தால் முழு நாள் கூலி. குடிதண்ணீர் கொடுத்தல், வேலையிடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் போன்ற இலகுவான பணிகளும் அவர்களுக்கென வகுக்கப்பட்டன. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்திற்குப் பதிலாக வேறொரு சட்டம் நிறைவேற்றியுள்ளது. இச்சலுகை அதில் எவ்வாறு அமைகிறது என்பதைப் பெற்றோர் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். கிராம சபையில் பெண்கள் பேசுவது நம் மாவட்டத்திற்குப் புதிதல்ல. 1991-92-இல் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகியதையும், கல்குவாரியில் கூலிக்கு உழைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்ததையும் நம் பாட்டிமார் அறிவார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடு உடைய மகனைத் துணிந்து வெளியே அனுப்பும் பெற்றோர் மகளை அனுப்ப அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அதைப் பழமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரியாத பெண்ணிடம் தவறாக நடப்பவர் உண்டு. எனவே வேலை கற்பிக்கும் முன் கற்பிக்க வேண்டியவை சில உள. எவர் தொடலாம், எவர் தொடக்கூடாது; ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லுதல்; நடந்ததை உடனே தாயிடம் சொல்லுதல்; மாதவிலக்கு நாட்களில் தன்னைத் தானே பேணிக்கொள்ளுதல். வேலையிடத்தில் நம்பகமான அக்கா ஒருத்தி பக்கத்தில் இருக்குமாறு ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. பூட்டிய அறை பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. தீங்கு பல வேளைகளில் வீட்டிற்குள்ளும் உறவிற்குள்ளும்தான் நேர்கிறது.

போக்குவரத்தும் ஒரு பாடம். 2021 முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் இல்லை. காசு ஒரு தடையன்று. எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே இறங்குவது என்பதுதான் தடை. வழியில் உள்ள அடையாளங்களை வரிசையாகப் படம் வரைந்து அட்டையாகக் கொடுக்கலாம்: முதலில் பெட்ரோல் பங்க், பிறகு கோயில் கோபுரம், பிறகு புளியமரம், புளியமரம் தெரிந்ததும் எழுந்து நிற்க வேண்டும். அம்மா முதலில் பக்கத்தில் உட்காருவார். பிறகு இரண்டு இருக்கை தள்ளி. பிறகு அடுத்த பேருந்தில் வருவார். இத்தகைய அட்டை வரைவது நம் மாணவியருக்கு ஒரு விடுமுறை வேலை. நம் தெருவில் அப்படி ஒரு தோழி இருந்தால் அவளுடைய பாதையை அவளோடு நடந்து பார்த்து வரையலாம்.

பெற்றோர் செய்ய வேண்டிய எழுத்து வேலையும் சிறிது உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முதலில் தேவை. அதற்குப் புதுக்கோட்டையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். அறிவுசார் குறைபாடு உடையோர்க்கான மாத உதவித்தொகை 2023 சனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உள்ளது. பதினெட்டு வயது கடந்தால் தாய் தந்தையரும் சட்டப்படி தாமாகவே பாதுகாவலர் ஆவதில்லை. பலர் இதை அறியார். தேவைப்படுவோர்க்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அந்த அச்சட்டத்தின்படி பாதுகாவலரை நியமிக்கிறது.

ஆனால் தேவைப்படுவோர்க்கு மட்டுமே. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் தம் பெயரில் சொத்து வைத்திருக்கவும் தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும் உரிமை உடையவர்கள் என்கிறது. எனவே சம்பளம் வாங்கத் தொடங்கும் பெண்ணின் வங்கிக் கணக்கு அண்ணன் பெயரில் இருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் கைரேகை இருக்கிறது. மாதம் ஒருமுறை அவளையே வங்கிக்கு அழைத்துச் சென்று, பணம் எடுக்கும் சீட்டில் அவள் கையாலேயே ரேகை வைக்கச் செய்து, எடுத்த நோட்டுகளை அவள் கையிலேயே கொடுக்கலாம். திரும்பும் வழியில் வளையலோ பூவோ அவள் விரும்புவதை அவளே காசு கொடுத்து வாங்கட்டும். மீதிச் சில்லறையைச் சரிபார்க்க மட்டும் நாம் பக்கத்தில் நின்றால் போதும்.